நிகழ்வே நடக்காத மருத்துவமனை

அந்த மருத்துவமனையில் யாரும் சாவதில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாசலிலேயே பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்திருந்தார்கள். எழுத்துக்கு மேலே ஒரு கோடும் இருந்தது. இடது மூலையின் உச்சியில் தொடங்கி வலது மூலை வரைக்கும் மயிரிழைகூட இறங்காமல் போய்ச் சேரும் கோடு. "மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் இந்தக் கோடு மாடிப்படி மாதிரி இறங்குங்க. ஒரு படிக்கு ஒரு ஆள். நம்மளுதுல படியே கிடையாது. தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும்" என்று வாசல் செக்யூரிட்டிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். மெத்தைக்காரரும் தொட்டுப் பார்த்தார். வழவழப்பாகத்தான் இருந்தது. சரியான இடத்துக்குத்தான் அக்காவை அழைத்து வந்திருக்கிறோம் என்று அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மெத்தை, தலையணை தைத்து விற்கிற மனிதர் அவர். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது. வாய் நிறைய "பஞ்சு"தான். அக்கா சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவள். ஒரு கை நுழைகிற ஓட்டை வழியாக ஊரையே பார்த்துப் பழகியதால் யாரையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவாள், அதைச் சொல்லியும்விடுவாள். தம்பிக்காகத்தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது உருகினால், "இவன் மூஞ்சிக்கா? வந்தவனுங்க ஒருத்தனும் தேறலை, அவ்வளவுதான்" என்று முகத்தில் அடித்த மாதிரி பேச்சை முடித்துவிடுவாள். மெத்தைக்காரருக்கு அம்மா முகம் நினைவில்லை. அக்கா முகம்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு ஈரலில் கோளாறு. மூன்று வாரம் விடாமல் ஒரு மருந்தை ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள், நடுவில் நிறுத்தினால் அத்தோடு கதை முடிந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மருந்து இந்த மருத்துவமனையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே மெத்தைக்காரருக்கு உலகத்தில் இப்போது ஒரே ஒரு வேலை: மூன்று வாரம் அக்காவை அந்தக் கட்டிலில் வைத்திருக்க வேண்டும்.

பதிவு கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நோயாளிக்கு நிகழ்வு ஏதாவது நடந்திருக்கா?"

"என்ன நிகழ்வு மேடம்?"

"நிகழ்வுங்க. நடந்திருக்கா, நடக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மெத்தைக்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கடை ஆண்டு விழா நடந்துச்சு மேடம். அக்காதான் முன்னால நின்னு நடத்தினா."

"நடக்கலைன்னு போட்டுக்கறேன்" என்றாள் அந்தப் பெண். "நடந்தா எங்களுக்குத் தெரிவிக்கணும். நோயாளியே தெரிவிக்க முடியாட்டி நீங்க வந்து சொல்லணும்."

"அவசியம் சொல்றேன் மேடம்" என்று மெத்தைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சின்னத் திரை இருந்தது. திரையில் அந்தக் கட்டிலுக்குரிய கோடு. நர்ஸ் உள்ளே வந்ததும் முதலில் கோட்டைப் பார்ப்பாள். நேரம் மிச்சமிருந்தால் நோயாளியையும் பார்ப்பாள். பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். நர்ஸ் அவருடைய திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கோட்டுல இன்னிக்கு வலி எதுவும் இல்லையே ஐயா" என்றாள். படித்த பெண் சொல்கிறாளே என்று அவரும் கூச்சப்பட்டு முனகலை அடக்கிக்கொண்டார். அப்புறம் கோடு லேசாக மூக்கைக் கீழே நீட்டியது. அவ்வளவுதான், ஆட்கள் ஓடி வந்தார்கள். ஊசி போடத்தான் வருகிறார்கள் என்று தபால்காரர் கையை நீட்டினார். அவர்கள் அவரைப் போர்வையோடு தூக்கிப் போனார்கள்.

"அவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"தணிக்கை பண்ணியாச்சு."

அக்கா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அந்த மனுஷன் என்னடி கெட்ட வார்த்தை பேசினாரு? சாதுவான படமா இல்ல இருந்தாரு? பார்த்துடா பஞ்சு, என்னை எல்லாம் பெட்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "தணிக்கைன்னா நம்ம பார்வையை விட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். கடைசியா நாம பார்த்தப்போ உயிரோட இருந்தாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது. அதுதான் விஞ்ஞானம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளிவாசல் தெரியும். வாசலுக்குக் குறுக்கே பட்டையாக ஒரு மஞ்சள் கோடு. அதற்கு இந்தப் பக்கம் மருத்துவமனை, அந்தப் பக்கம் ரோடு. ரோட்டுக்கு எதிர்ப்புறம் மருத்துவமனை நன்கொடையில் கட்டிய பஸ் நிறுத்தம் ஒன்று பளபளவென்று நின்றது. ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு நீள நீளமான பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அந்த வழியாக பஸ் போய் யாரும் பார்த்ததில்லை. தபால்காரர் அங்கே படுத்திருப்பதை மெத்தைக்காரர் பார்த்தார். பாவம், காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார். மனிதர் அப்படி வெள்ளந்தி.

"இந்த நிகழ்வு நிகழ்வுங்கறீங்களேம்மா, அது நடந்தா என்ன ஆகும்?" என்று நர்ஸிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"நடந்தா கட்டில் காலியாயிடும். நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான். ஆனா இங்க நடக்க விடமாட்டாங்க."

"ஏன்?"

"கோடு கெட்டுப் போயிடும்ல?"

மெத்தைக்காரருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. நிகழ்வு என்பது ஏதோ பெரிய சிகிச்சை. அது நடந்தால் குணமாகி வீட்டுக்குப் போய்விடலாம். சும்மா யாருக்கும் செய்துவிட மாட்டார்கள். சிபாரிசு வேண்டும், மேலிடத்தில் வாய் திறந்து கேட்க வேண்டும். அன்று முதல் டாக்டர், ஆயா, தரை துடைக்கிறவர் என்று கண்ணில் பட்ட ஒருவரையும் அவர் விடவில்லை. "எங்க அக்காவுக்கு நிகழ்வு எப்போங்க? கொஞ்சம் சீக்கிரம் பார்த்து நடத்திக் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டவர்கள் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். சொத்து ஏதாவது இருக்கும்போல என்று அவர்களுக்குள் பேச்சு.

இதற்கிடையில் அக்கா தேறி வந்தாள். முகத்திலிருந்த மஞ்சள் வெளுத்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள். இரண்டு வாரம் மருந்து ஏறிவிட்டது, இன்னும் ஒரே வாரம், அதற்குமேல் தன் காலாலேயே நடந்து போவாள் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போதே திரையைப் பார்த்தவர், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த வாரம்தான் கோட்டைத் திருத்துகிற முடிச்சுக் குழு கூடியது. மறுநாள் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. கோட்டைப் பார்த்து உலகத்தரப் பட்டம் கொடுக்கப் போகிறார்கள். அதற்குள் கோட்டைச் சீவிச் சிங்காரித்து வைக்க வேண்டும். நோயாளிகளின் உறவினர் ஒருவரும் குழுவில் உட்கார வேண்டும் என்று விதி இருந்ததால், நிகழ்வில் இவ்வளவு அக்கறை காட்டும் மெத்தைக்காரரை நர்ஸ் அனுப்பி வைத்தாள். "டைரக்டர் கூப்பிட்டிருக்காருக்கா!" என்று அவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எந்தப் படத்துக்குடா?" என்று அக்கா கேட்டாள்.

குளிரூட்டிய அறை. நீள மேஜை. இயக்குநர் எழுந்து நின்றார். பேசுவதற்கென்றே தொண்டையை வளர்த்து வைத்திருக்கிற மனிதர் அவர்.

"நண்பர்களே! ஒரு காலத்துல மருத்துவம்னா என்ன நினைச்சாங்க? நோயாளியைப் பிழைக்க வைக்கறதுன்னு நினைச்சாங்க. எவ்வளவு பின்தங்கின எண்ணம்! ஒருத்தர் பிழைச்சாரா இல்லையாங்கறது அவரோட சொந்த விஷயம், அவர் குடும்ப விஷயம். அதுல மூக்கை நுழைக்கறது அநாகரிகம். எப்போ? எவ்வளவு நாள் கழிச்சு? எந்த வேகத்துல? இதைக் கேக்கறதுதான் அறிவு. நமக்கு முன்னால இருந்தவங்க விறைப்பானவங்க. முதல்ல கோட்டைப் போட்டுட்டு, மனுஷங்க அதுபடி நடக்கலையேன்னு வருத்தப்பட்டாங்க. நாம நெகிழ்வானவங்க. தரவு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நம்ம கோடும் சாயும். சாயக் கூடாத பக்கம் சாய்ஞ்சா, தரவை நகர்த்திடுவோம். இதைவிட நெகிழ்ச்சி உலகத்துல எங்கயாவது உண்டா?"

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மெத்தைக்காரரும் தட்டினார். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் பெரிய படிப்பு என்பது மட்டும் புரிந்தது.

அடுத்து வளைவு நிபுணர். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு ஆள். கையில் எப்போதும் ஒரு ரப்பர் அளவுகோல். அதை இப்படி வளைத்தால் இப்படி நிற்கும், அப்படி வளைத்தால் அப்படி நிற்கும். வளைகிற கோட்டை ஆங்காங்கே பிடித்து நிறுத்துகிற இடத்துக்கு முடிச்சு என்று பெயர், முடிச்சு விழுந்த இடத்தில்தான் கோடு திரும்பும் என்று அவர் விளக்கினார். நான்கு முடிச்சா ஐந்து முடிச்சா என்பதில் அந்த மருத்துவமனையே இரண்டுபட்டுக் கிடந்தது. நாலு முடிச்சுக்காரர்களும் அஞ்சு முடிச்சுக்காரர்களும் கேன்டீனில்கூட ஒரே மேஜையில் உட்காருவதில்லை. அஞ்சு முடிச்சு டாக்டர் ஒருவர் மூர்ச்சையாகி விழுந்தபோது நாலு முடிச்சு டாக்டர் அவரைத் தாண்டிப் போனார் என்று ஒரு கதை உண்டு. கதை இல்லை, நடந்ததுதான். காரசாரமாக விவாதித்துக் கடைசியில் நாலரை முடிச்சு என்று சமரசத்துக்கு வந்தார்கள்.

"எங்க மெத்தையிலயும் முடிச்சு போடுவோம் சார்" என்று மெத்தைக்காரர் ஆசையாகச் சொன்னார். "போடலைன்னா பஞ்செல்லாம் ஒரு பக்கமா ஓடிடும்."

இயக்குநர் பரவசப்பட்டுவிட்டார். "கேட்டீங்களா! பாமர மக்களுக்கே நம்ம முறை புரிஞ்சுபோச்சு! இதை நாளைக்கு என் பேச்சுல சேர்த்துக்கறேன்."

"அஞ்சாவது முடிச்சோட அந்தப் பாதி நாளைய தேதி மேல விழுது" என்றார் வளைவு நிபுணர், அளவுகோலை வளைத்துக் காட்டி. "பெண்கள், அம்பது தாண்டினவங்க, ஈரல் நோய், கொட்டகைத் தொழில். அந்தப் பிரிவோட கோடு நாளைக்குக் கீழ வளையுது."

"அந்தப் பிரிவுல எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தர்."

"ஒரே ஒருத்தரை வெச்சு ஒரு வளைவு!" என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெகிழ்வோட உச்சம் இதுதான்யா." பிறகு மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க உறவினர் இல்லையா? தயங்காம சொல்லுங்க. நிகழ்வைப் பத்தி உங்க விருப்பம் என்ன?"

இதற்காகத்தானே மனிதர் காத்திருந்தார். எழுந்து நின்றார்.

"சார், எங்க அக்காவுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிகழ்வை நடத்திக் குடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு அவளை விட்டா வேற யாரும் இல்லை."

வளைவு நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் மேஜையைச் சுற்றி வந்து மெத்தைக்காரரின் தோளைத் தொட்டார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு பக்குவப்பட்ட ஒரு உறவினரை நான் பார்த்ததில்லை. வழக்கமா அழுவாங்க, கத்துவாங்க. இங்க நடத்தறதுக்கு வழியில்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. ஆனா உங்க விருப்பத்துக்கு நாங்க குறுக்கே நிக்க மாட்டோம். நாளைக்குக் காலையில மருந்தை எடுத்துட்டு, மரியாதையா வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடறோம்."

மெத்தைக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "அக்கா! பேசி முடிச்சுட்டேன்! நாளைக்கே வீட்டுக்குப் போறோம். நிகழ்வை வெளியில நடத்திக்கலாம்னு டைரக்டரே சொல்லிட்டாரு!"

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"நீ என்ன கேட்டே?"

அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல், பெருமையாகச் சொன்னார்.

அக்கா தட்டை ஓரமாக வைத்தாள். அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தம்பி பயந்து நடுங்குவானே என்று சொல்லாமல் விட்டிருந்தாள்.

"டேய் பஞ்சு. அவங்க நிகழ்வுன்னு சொல்றது நான் செத்துப் போறதைடா."

தபால்காரர் ஏன் அந்தப் பெஞ்சில் கிடந்தார் என்பது இப்போதுதான் மெத்தைக்காரருக்குப் புரிந்தது. கையைப் பிடித்துக் கையைப் பிடித்து, ஒரு ஆள் பாக்கியில்லாமல், அக்கா சீக்கிரம் சாகட்டும் என்று கேட்டிருக்கிறார். தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுது தொலைக்காதே. போய்ப் பேசு" என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்டா. போ."

வளைவு நிபுணர் தன் அறையில் கோட்டுக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், தெரியாம கேட்டுட்டேன் சார். நிகழ்வுன்னா நான் வேற என்னமோ நினைச்சேன்."

"நீங்க என்ன நினைச்சீங்கங்கறது முக்கியமில்லைங்க. முடிச்சு போட்டாச்சு. இப்போ அவிழ்த்தா பின்னால இருக்கற மொத்தக் கோடும் ஆடும்."

"அவ தேறிட்டு வரா சார். நேத்துகூட நர்ஸைத் திட்டினா."

"திட்டறதெல்லாம் தரவுல வராதுங்க."

"ஒரே வாரம் சார். ஒரு வாரம் மருந்து ஏத்தினா பிழைச்சுக்குவான்னு டாக்டரே சொன்னாரு."

"சொல்லுவாரு. அவர் ஆளைப் பார்க்கறாரு. ஆளைப் பார்த்தா யாருக்குமே மனசு கேக்காது. அதனாலதான் நாங்க பார்க்கறதே இல்லை." நிபுணர் இரண்டு வண்ணங்களைத் தூக்கிக் காட்டினார். "நீலம் நல்லா இருக்கா, பச்சை நல்லா இருக்கா? நீங்க துணி எல்லாம் பார்த்து எடுக்கறவராச்சே."

இயக்குநர் அறையில் விடிந்தபின் வரச் சொன்னார்கள். விடிந்தபின் போனால், கோரிக்கையைத் திரும்பப் பெறும் கோரிக்கை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அவர் வார்டுக்கு ஓடி வருவதற்குள் மருந்துக் குழாயைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அக்காவை ஸ்ட்ரெச்சரில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்தது. முடிச்சு விழுந்த இடம் சரிதான் என்று வளைவு நிபுணர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மெத்தைக்காரர் பின்னாலிருந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டார். செக்யூரிட்டிக்காரர் முன்னாலிருந்து இழுத்தார். முன் சக்கரங்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டின; பின் சக்கரங்கள் தாண்டவில்லை. இவர் உள்ளே இழுப்பார், அவர் வெளியே இழுப்பார். அக்கா மல்லாந்து கிடந்து இரண்டு பேரையும் பார்த்தாள்.

"என்னடா, டிக்கெட் கிழிக்கிற இடத்துலயே நிறுத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். "உள்ளயா வெளியயான்னு சீக்கிரம் சொல்லுங்கடா. வழியில நிக்கக் கூடாது."

அதற்குமேல் அவள் பேசவில்லை. ஸ்ட்ரெச்சர் நின்றது. இரண்டு பக்கமும் இழுப்பது நின்றது.

இயக்குநர் கோட்டும் டையுமாக ஓடி வந்தார். மதிப்பீட்டுக் குழுவின் கார்கள் வருகிற நேரம். நிபுணர் குனிந்து பார்த்தார். தலை வெளியே, கால் உள்ளே. தலையைக் கணக்கில் எடுத்தால் தணிக்கை, காலைக் கணக்கில் எடுத்தால் நிகழ்வு. இடுப்பை எடுத்துக்கொள்வது நடுநிலையாக இருக்கும். ஆனால் இடுப்பு சரியாகக் கோட்டின் மேலேயே இருந்தது. நாலு முடிச்சுக்காரர்கள் தலை என்றார்கள், அஞ்சு முடிச்சுக்காரர்கள் கால் என்றார்கள்.

"அம்மா, அக்கா போயிட்டாளா?" என்று மெத்தைக்காரர் நர்ஸிடம் கேட்டார். அவள் கையில் அக்காவின் மணிக்கட்டு இருந்தது. அவள் இயக்குநரைப் பார்த்தாள்.

"இன்னும் முடிவாகலைங்க. நான் எப்படிச் சொல்றது?"

"எல்லாரும் ஏன்யா இப்படி விறைச்சுப்போய் நிக்கறீங்க?" என்று இயக்குநர் சீறினார். "நம்ம முறை என்ன முறை? நெகிழ்வு! ஆளை நகர்த்த முடியலைன்னா கோட்டை நகர்த்துங்க!"

பெயின்ட்காரர் மஞ்சள் டப்பாவோடு வந்தார். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, ஸ்ட்ரெச்சரின் பின் சக்கரங்களைச் சுற்றி அழகாக ஒரு வளைவு போட்டார். நிபுணர் ரப்பர் அளவுகோலை வைத்துச் சரிபார்த்தார். அக்கா முழுதாக வெளியே வந்துவிட்டாள். செக்யூரிட்டிக்காரர் மூச்சு விட்டார்.

"நாங்க கடைசியா பார்த்தப்போ அவங்க உயிரோடதான் இருந்தாங்க" என்றார் இயக்குநர், மெத்தைக்காரரின் கையைக் குலுக்கி. "எங்க கணக்குல எப்பவும் உயிரோடதான் இருப்பாங்க. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்?"

"செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"அந்த மாதிரி வார்த்தை எல்லாம் இங்க பேசறதில்லைங்க."

மெத்தைக்காரருக்கு என்ன தோன்றியதோ. குனிந்து அக்காவை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். ஆயுசு முழுக்க மெத்தை சுமந்த தோள்; அக்கா ஒரு பாரமாகவே இல்லை. ஈரமான கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே நடந்தார். உள்ளே வைத்துவிட்டால் நடந்ததை ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் அந்த முறையின் நெகிழ்வைக் குறைத்து எடை போட்டுவிட்டார். "கோடு! கோடு!" என்று நிபுணர் கத்தினார். பெயின்ட்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இவர் முற்றத்தில் நடந்தால் கோடு முற்றத்தில் வளைந்தது. இவர் தாழ்வாரத்தில் திரும்பினால் கோடும் திரும்பியது. ஒரு வார்டின் கட்டில்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பாதியில் படுத்திருந்தவர்கள் எல்லாம் ஒரு நிமிஷத்தில் தணிக்கை செய்யப்பட்டார்கள். படுத்த இடத்திலேயே வெளியேறிவிட்டோம் என்று தெரியாமல் அவர்களில் ஒருவர் தண்ணீர் கேட்டார். நர்ஸ் கோட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கீழே வைத்தாள்.

மெத்தைக்காரர் கடைசியில் பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தார். மேடையில் மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. நடு மண்டபத்தில், இயக்குநர் பேச வேண்டிய இடத்துக்கு நேர் முன்னால், அக்காவைத் தரையில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெயின்ட்காரர் தவழ்ந்து தவழ்ந்து அவர்கள் இருவரையும் சுற்றி ஒரு வளையம் போட்டு முடித்தார். இரண்டு பேர் இருக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"அது என்ன மஞ்சளா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"நம்ம முறைக்கு ஒரு நேரடி விளக்கம் சார்" என்றார் இயக்குநர், ஷூவில் பெயின்ட் படாமல் வளையத்தைச் சுற்றி மேடையேறி. "எவ்வளவு சிக்கலான தரவா இருந்தாலும் சரி, பாருங்க, எவ்வளவு இணக்கமா வளைஞ்சு குடுக்குது!"

குழு எழுந்து நின்று கைதட்டியது. மேடைத் திரையில் மருத்துவமனையின் கோடு உச்சியிலிருந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

கைதட்டல் ஓயும் வரை காத்திருந்துவிட்டு, செக்யூரிட்டிக்காரர் வளையத்தின் ஓரமாக வந்து நின்று குனிந்தார். மெதுவாகத்தான் பேசினார். பேச்சு நடக்கிற இடம் அல்லவா.

"அண்ணே, இந்த வளையத்துக்குள்ள இருக்கறது ரோடுண்ணே. நடுரோட்டுல பொணத்தை மடியில போட்டுக்கிட்டு இப்படி உக்காரக் கூடாது. போலீஸ் வந்துடும். எழுந்திருங்க."

மெத்தைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாவது அந்த வார்த்தையைச் சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றார். பிறகுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார்.